குப்புற ஒட்டிய குளவிகள்

சேர்வராயன் மலையில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்பு. பித்து என்றால் குயில்குளவிதான். பச்சையும் நீலமுமாக மின்னும் இந்தச் சின்னக் குளவி தானாகக் கூடு கட்டாது. மற்ற குளவிகளும் தனித்து வாழும் தேனீக்களும் மண்சுவர் ஓட்டைகளில் வைக்கும் கூட்டுக்குள் குயில் மாதிரி நைசாக முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இந்த மலையில் இதில் எத்தனை இனம் உண்டு என்று பத்து வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

நிறத்தை வைத்து இனம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வெயில் ஒரு பக்கம் விழுந்தால் பச்சை, மறுபக்கம் விழுந்தால் நீலம், அதை எப்படி நம்புவது? நான் வால் நுனியைத்தான் பார்ப்பேன். அங்கே பொடிப் பொடியாகப் பற்கள் இருக்கும். நாலு பல்லும் ஆறு பல்லும் ஒரே இனமாக இருக்க முடியாது. லென்ஸை வைத்தால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். வயிற்றையும் பார்க்கச் சொல்லிப் புத்தகத்தில் படித்ததுண்டு. முதுகைப் பார்த்தே தெரிகிறவளுக்கு வயிறு எதற்கு என்று இருந்துவிட்டேன். செத்துக் கிடைக்கும் குளவிகளை அட்டையில் குப்புற ஒட்டி, கிடைத்த இடத்தைக் கீழே எழுதி வைப்பேன்.

இதே மலையில் உள்ள வெள்ளக்கடையில் ஒரு காப்பி எஸ்டேட் கிடங்கின் பின்சுவர் பழைய மண்சுவர், ஓட்டை ஓட்டையாக இருக்கும். என் பேச்சைக் கேட்டு எஸ்டேட்காரர் இரண்டு வருஷம் அதைப் பூசாமல் விட்டிருந்தார். போன மழையில் சுவர் கரைய ஆரம்பித்ததும் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், செவுரு இனிமேல் தாங்காதுங்க. சிமெண்ட்டு பூசிடலாமுங்களா? உங்க பூச்சி வேற எடத்துல இருக்குதுங்களா?"

"தாராளமாப் பூசுங்க. அங்க இருக்கறது ஒரே இனந்தானுங்க. செம்மநத்தம் வரைக்கும் எல்லாப் பக்கமும் இருக்குது" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நாலு நாள் கழித்து, காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை செய்கிற பெண் ஒருவர் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். மேசைமேல் இருந்த அட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்கக்கா, எல்லாத்தையும் குப்புறவே ஒட்டி வெச்சிருக்கறீங்க? நாங்க ஒவ்வொரு கொட்டையையும் ரெண்டு பக்கமும் பொரட்டித்தானுங்க பாப்போம். மேல நொம்ப நல்லா இருக்கும், அடியில பூச்சி தொளைச்சிருக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் போனதும், அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஓர் அட்டையை நனைத்துக் குளவியைப் பிரித்து மல்லாத்தினேன். வயிற்றில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், தனித்தனியாக. அடுத்ததும் அப்படியே. ஆறு பல் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வெள்ளக்கடைச் சுவரில் கிடைத்த மூன்றில் மட்டும் புள்ளிகள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆண் பெண் வித்தியாசமோ என்று பார்த்தேன். எல்லாமே பெண். அதே நிறம், அதே ஆறு பல், ஆனால் வேறு இனம். மலையில் வேறெங்கும் எனக்குக் கிடைக்காத இனம்.

எஸ்டேட்காரர் போனை எடுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியில் போய் இறங்கியபோது ஒரு மூலை தவிர சுவர் முழுவதும் பூசியாகிவிட்டது. கூடுகள் எல்லாம் பூச்சுக்கு உள்ளே இருந்தன.

"நிறுத்துங்க. நான் சொன்னது தப்புங்க" என்றேன். என்ன தப்பு என்பதையும் சொன்னேன்.

அவர் கொத்தனாரை நிறுத்தச் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருசம் விட்டு வெச்சவன், முட்டுக் குடுத்தாவது இன்னும் நாலு மாசம் விட்டிருப்பனுங்களே மேடம். நீங்க அடிச்சுச் சொன்னீங்க, அதனாலதான் பூசுனேன்."

ஈர சிமெண்ட்டின் மேல் ஒரு பச்சைக் குளவி ஓட்டையைத் தேடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"இது எந்த இனமுங்க?"

"முதுகை மட்டும் பாத்துச் சொல்ல எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.