துரைசாணி வரைந்த பஃப் கை

என் வீட்டுக்காரர் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தையற்காரர். கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையைத் தோட்டத்துத் துரை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அவர் தைப்பார், நான் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பேன். தைக்க வரும் பெண்கள் யாரும் இப்படிக் கழுத்து, இப்படிக் கை என்று சொன்னதே இல்லை. "அவ போட்டிருக்காள்லா, அது மாதிரி" என்பார்கள், அவ்வளவுதான். தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் பார்த்து இன்னொருத்தி வந்து கேட்கவில்லை என்றால் அன்று இவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவரிடம்தான் துரையின் வெள்ளைக்காரப் பெண்சாதி, எங்கள் துரைசாணி, தன் கவுனைத் தைக்கக் கொடுத்தாள். தோளில் பணியாரம் மாதிரி உப்பி, முழங்கைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும் கை. தன் மனதிலிருந்து தானே வரைந்தது என்று காகிதத்தைக் காட்டினாள். "இந்தக் கை என்னுது. வேற ஆளுக்குத் தைக்கக் கூடாது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லவும் செய்தாள். இவர் "சரிங்க தொரசாணி" என்றார். பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணிகளுக்குத் தைக்கக் கூடாது என்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். லயத்துப் பெண்களையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று யாருக்குத் தோன்றும்?

இஸ்திரி போட்டுத் தொங்கவிட்ட கவுனை முதலில் பார்த்தது கங்காணியம்மா. கூலி ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் பெண்சாதி, லயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். "தொரசாணிது மாதிரி எனக்கு ஒண்ணு" என்றாள். பிறகு சொல்ல வேண்டுமா? மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குள் லயமே தோள் உப்பி நின்றது.

கொடைக்குத் துரைசாணியையும் அழைத்திருந்தோம். அதே கவுனில் வந்தாள். கங்காணியம்மா ஓடிப்போய்த் தன் தோளை அவள் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "பாருங்க தொரசாணி, ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரி இருக்கோம்" என்றாள். அதைவிடப் பெரிய மரியாதை செய்ய எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. துரைசாணி முகம் சிவந்து, பொங்கலைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

மறுநாள் எங்கள் இருவரையும் பங்களாவுக்குக் கூப்பிட்டு, "திருட்டு" என்றாள். எனக்கு வந்ததே கோபம். வெட்டி மிஞ்சிய துணியில் விரல் அகலத் துண்டைக்கூட முடிந்து திருப்பிக் கொடுக்கிற மனுஷனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

இவர் நிதானமாக, "ரவிக்கைத் துணி அவங்கவங்க வாங்கினது, நூல் என்னுது. உங்களுது எதை எடுத்தேன், சொல்லுங்க தொரசாணி" என்றார்.

"கை" என்றாள் அவள்.

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யும்படி துரை சொல்லிவிட்டார். ஊரில் எங்களுக்கு ஒண்ட ஒரு கூரை கிடையாது. தையல் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு இவர் மலை இறங்குவதை நினைத்து அழுதேன்.

விஷயம் கங்காணியம்மா காதுக்குப் போனது. "அவுக பொருள்னு சொல்லுதாக. அப்பம் குடுத்துருவோம்" என்றாள். மறுநாள் காலை லயத்துப் பெண்கள் ரவிக்கைகளிலிருந்து கைகளைப் பிரித்தெடுத்து, ஒரு கொழுந்துக் கூடையில் போட்டு, பங்களா வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். கொட்டுகிற மழையில், கையில்லாத ரவிக்கைகளோடு வெடவெடத்துக்கொண்டு நின்றார்கள்.

"எண்ணிப் பாத்துக்கிடுங்க தொரசாணி, ஒண்ணும் குறையாது" என்றாள் கங்காணியம்மா. கிண்டலே இல்லை. மெய்யாகவே கணக்கைத் தீர்க்கத்தான் வந்திருந்தாள்.

துரைசாணி கூடையைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்து பறிக்க யாரும் போகவில்லையே என்று துரைக்குக் கவலை. "எல்லாம் திரும்பத் தை" என்று பின்னாலேயே வந்திருந்த இவரிடம் துரைசாணி சொன்னாள். தைக்க ஆள் வேண்டுமல்லவா? அறையைக் காலி செய்கிற பேச்சு அதோடு நின்றது.

கூடையில் நனைந்ததில் ஒரு கையின் சாயம் இன்னொரு கையில் ஏறியிருந்தது. கங்காணியம்மாவின் மஞ்சள் கைகள் பாதி கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டன. இவர் அப்படியே வைத்துத் தைத்தார். மஞ்சள் ரவிக்கைக்கு அது முன்னைவிட எடுப்பாக இருந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில நாள் கழித்துத் துரைசாணி ஒரு மஞ்சள் கவுனோடு எங்கள் அறை வாசலுக்கே வந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. "கங்காணியம்மா போடுது, அது மாதிரி" என்றாள். அந்தச் சாயம் ஏறிய கையைத்தான் கேட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் கத்தரியை எடுப்பதற்குள், "முதல்ல அவளைக் கேட்டு வா" என்றாள். ஊருக்குச் சொன்ன சட்டத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டாளே என்று என் கோபத்தில் மிச்சமிருந்ததும் இறங்கியது.

கொழுந்துக் காட்டுக்கு ஓடிப்போய்க் கங்காணியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகம் வாடிவிட்டது.

"வேத்தாள்கிட்ட கேக்குத மாதிரி இதையெல்லாமா கேட்டுட்டு வரச் சொன்னாக? ஏளா, எம்மேல இன்னும் வருத்தம் தீரலையோ அவுகளுக்கு?"