இரண்டு முறை எண்ணிய ஒமேகாக்கள்

போன வாரம் திருப்பதியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு காலத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த இயற்பியல் துறையின் அலுவலகம் அனுப்பியது. பழைய கணினிகளைக் கழித்துக் கட்டப் போகிறார்களாம். பழைய மாணவர்கள் தங்கள் கோப்புகள் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாமாம். இத்தனை வருடம் நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்காதவர்களுக்குக் கெடு வைக்க மட்டும் தெரிகிறது. சென்னையில் கணினிக் கம்பெனி வேலை எனக்கு. லீவு கேட்டால் மேனேஜர் காரணம் கேட்பார். உடைந்து போன அணுத்துகள்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றா சொல்ல முடியும்? வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வடமாலபேட்டை அருகே பஸ் அரை மணி நேரம் நின்றது. முன்னால் இரண்டு லாரிகள் உரசிக்கொண்டு நிற்க, டிரைவர்களில் ஒருவருக்குத் தமிழிலும் இன்னொருவருக்குத் தெலுங்கிலும் வாய் ஓயவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் இறங்கி நடந்தே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. சாலையில் கண்ணாடித் தூள் கிடந்தது. அதைப் பார்த்ததும் அப்பா ஞாபகம், எங்கள் வீட்டில் அவர் நைனா. நகரியில் எங்கள் வீடு, ரேணிகுண்டாவில் லாரி பட்டறையில் அவருக்கு வேலை, தினமும் ரயிலில் போய் வருவார். என் ஆராய்ச்சி என்ன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டின் முன்னால் விசாரித்தார். ஐரோப்பாவில் இரண்டு ஈய அணுக்கருக்களை அசுர வேகத்தில் மோதவிடுகிறார்கள், அதில் தெறிப்பதை நான் எண்ணுகிறேன் என்றேன்.

"அங்க எவனோ மோத வுடுறான், நீ இங்க குந்திக்கினு எண்ணிக்கினு கீறியா?"

"ஆமா நைனா."

"ரெண்டு லாரி மோதனா லாரில இருந்ததுதான் கீய வுயும். புச்சா ஒண்ணும் வராது."

அதுதான் விஷயமே என்று நான் குதித்தேன். ஈயத்துக்குள் இல்லாத சரக்கு அந்த மோதலில் பிறக்கிறது. ஒரு கணத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்துக்கு அணுக்கருக்கள் உருகிக் குழம்பாகின்றன என்று சொல்வார்கள். அந்தக் குழம்பில் விசித்திரக் குவார்க் என்ற ஒன்று சுலபமாக உண்டாகும். அதில் மூன்று சேர்ந்தால் ஒமேகா என்ற துகள். மோதல் எவ்வளவு நேருக்கு நேரோ அவ்வளவுக்கு ஒமேகா அதிகம் வர வேண்டும். வந்தால் குழம்பு உண்டானது என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி. நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல துன்னு, ஆறிப்போவுது" என்றார்.

ஒமேகாவை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சோறு போட்டிருக்க மாட்டார். அது சில சென்டிமீட்டர் ஓடுவதற்குள் உடைந்துவிடும். உடைந்ததில் ஒன்று மறுபடி உடையும். கடைசியில் கருவியில் பதிவது பிள்ளை ஒன்று, பேரப்பிள்ளை இரண்டு, ஆக மூன்று தடங்கள். ஆயிரக்கணக்கான தடங்களுக்கு நடுவே அந்த மூன்றையும் தேடிப் பிடித்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இவற்றின் மூலம் ஒமேகாவாக இருக்கலாம் என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். பல லட்சம் புள்ளிகள் வைத்த பிறகு வரைபடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பும். அந்த மேட்டுக்காக நான் என் இருபதுகளைக் கொடுத்தேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கணினி அறையின் கதவைத் திறந்ததுமே யூபிஎஸ் பேட்டரியின் அமில வாடை. அந்த வாடை அப்படியே இருந்தது, அறைதான் சின்னதாகத் தெரிந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன். கோவிலுக்கும் அந்த அறைக்கும் நாங்கள் செருப்போடு போனதே இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அதே நீல பக்கெட். சர்வரின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அட்டெண்டர், "த்வரகா சூஸ்கோண்டி சார்" என்று அவசரப்படுத்தினார். சாயங்காலம் பழைய சாமான் வண்டி வருகிறதாம்.

அந்தப் பக்கெட்டை முதன்முதலில் கொண்டுவந்து வைத்தவள் புவனா. சத்தியவேடு பக்கம் வேர்க்கடலை விவசாயக் குடும்பம். நானும் அவளும் ஒரே வருடம் சேர்ந்தோம், ஒரே கைடு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தரவை இரண்டு பேர், ஒருவர் புரோகிராமை ஒருவர் பார்க்காமல், தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் வெளியே காட்டலாம். நல்ல வழக்கம்தான். அந்த இரண்டு பேரும் நல்லவர்களாக இருக்கும்வரை.

எங்கள் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. உரசிக்கொண்டு போகும் மோதல்களில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. நேருக்கு நேர் மோதல்களில் அவள் கோடு நிதானமாக ஏறியது, என்னுடையது துள்ளிக்கொண்டு ஏறியது. அதிகம் வர வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும், என்னுடையது அதிகமாகவே வந்திருந்தது. கைடு என் தோளில் தட்டி, "பாகுந்தய்யா" என்றார். அவள் பக்கம் திரும்பி, "அம்மா, நுவ்வு மள்ளி செக் சேசுகோ" என்றார். மறுபடி சரிபார்க்கச் சொன்னது அவளை மட்டும்தான், என்னை இல்லை.

அவள் சரிபார்த்தாள். ஒரு மாதம் இல்லை, எட்டு மாதம். தப்பே இல்லாத புரோகிராமில் தப்பைத் தேடுவது எப்படிப்பட்ட கொடுமை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். இருட்டு அறையில் இல்லாத பூனையைத் தேடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாம். அவளைப் பார்த்து எனக்குச் சிரிக்க மட்டும்தான் தெரிந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டாள்.

"நீ செத்துப்போன ஜாப இன்னா பண்றே?"

நாங்கள் இங்கிருந்து அனுப்பும் கணக்குகள் எங்கெங்கோ உள்ள கணினிகளில் ஓடும். சில பாதியில் நின்றுவிடும், அதைத்தான் செத்துப்போச்சு என்போம். காலையில் வந்ததும் செத்ததை மறுபடி அனுப்புவது எங்கள் அன்றாடப் பிழைப்பு.

"திருப்பி அனுப்புவேன். வேற இன்னா?"

"செத்தது போட்ட பாதி ஃபைல அழிச்சிட்டுத்தான அனுப்புறே? ரெண்டு தபா எண்ணிக்கினு கீறியா பாரு."

"நீ உன் தப்ப பாரு மொதல்ல" என்றேன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் நான்காவது காலைக் காட்டி என்ன பயன்? அவள் அதற்குப் பிறகும் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

அவளுக்கு உதவித்தொகை முடிந்தது. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் அவள் தீசிஸ் எழுதக் கூடாது என்று கைடு நின்றார். சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். போகிற அன்று எனக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தாள். நான் அதை வாங்கி, சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அவள் போய் இரண்டு மாதம் இருக்கும், சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. அந்த மெஷினைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இடம் தீர்ந்தால் விட்டுப் போனவர்களின் ஃபோல்டரை முதலில் அழிப்பது அங்கே வழக்கம். புவனாவின் ஃபோல்டரை அழித்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுவும் போதாமல், என் ஃபோல்டரில் கிடந்த அரைகுறை ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். அங்கேதான் மாட்டினேன். ஒரே மோதல், ஒரே எண், இரண்டு ஃபைலில். செத்த ஜாப் பாதி எண்ணி வைத்ததும், மறுபடி அனுப்பியது முழுசாக எண்ணியதும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நேருக்கு நேர் மோதல்களை நான் தனியாகப் பிரித்து அனுப்பியிருந்தேன். அவற்றில் தடங்கள் ஏராளம், நினைவகம் தாங்காமல் செத்ததெல்லாம் அவைதான். ஆகவே அங்கே மட்டும் ஒமேகாக்கள் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தன. மோதலுக்கு எத்தனை ஒமேகா என்று வகுப்பதற்கான மோதல்களின் எண்ணிக்கையை மட்டும் வேறு பட்டியலிலிருந்து ஒரே முறை எடுத்திருந்தேன். இயற்கை செய்ய வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டதை என் சோம்பேறித்தனம் செய்து கொடுத்திருந்தது.

பாதி ஃபைல்களை நீக்கிவிட்டு மறுபடி எண்ணினேன். கோடு இறங்கிவந்து, அவள் கோடு இருந்த இடத்தில் உட்கார்ந்தது. கைடிடம் சொன்னேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்பதைத் தெலுங்கில் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னார். அவளுக்கு யார் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தீசிஸில் ஒரு வரி எழுதினேன்: 'இம்முடிவு, தனித்துச் செய்யப்பட்ட இரண்டாவது பகுப்பாய்வுடன் ஒத்துப்போகிறது.' விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இன்று நான் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? கம்பெனிகளின் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா என்று தேடுவது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

அறையில் என் ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டே, பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவிலிருந்து புவனாவின் எண்ணை எடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். வராந்தாவுக்கு வந்து கூப்பிட்டேன்.

"நகரியா? சொல்லு. இன்னா திடீர்னு?" ஊர்ப் பேரைச் சொல்லித்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

சர்வரைக் கழிக்கிறார்கள், வந்திருக்கிறேன் என்றேன். அவள் குரல் மாறியது.

"நல்ல வேள கூப்ட்டே. என் புரோகிராம், ரிசல்ட்டு எல்லாம் அதுல கீது இல்ல? எடுத்துக்கினு வா. இங்க காலேஜ்ல பிஎச்டி இல்லன்னா வேல இல்லன்னு சொல்லிக்கினு கீறாங்க. திரும்பப் பதிவு பண்ணலாம்னு ஒரு கைடு ஒத்துக்கினாரு. பழைய வேல கைல இருந்தா ரெண்டு வருஷம் மிச்சம்."

முதலில் மற்றதைச் சொன்னேன். செத்த ஜாப், பாதி ஃபைல், இரண்டு முறை எண்ணியது, நீ சொன்னதுதான் சரி, எல்லாவற்றையும்.

"தெரியும்" என்றாள் கடைசியில். "உன் தீசிஸ நெட்டுல போட்டன்னிக்கே பாத்தேன். என் நம்பர்தான் இருந்துச்சி."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அப்பறம் வுட்டுட்டேன். அது போவட்டும். என் ஃபோல்டர் கீதா, இல்லியா?"

"இல்ல புவனா. எடம் பத்தலன்னு அப்பவே அழிச்சிட்டேன். நான்தான்."

அந்தப் பக்கம் கல்லூரி மணி அடித்தது. "கிளாஸ் கீது" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதைக்கூட எனக்காகச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு என்ன கட்டாயம்?

சாயங்காலம் வண்டி வந்தது. சர்வரை இரண்டு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள், சந்தனம் வழியெல்லாம் உதிர்ந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து மடிக்கணினியில் பென் டிரைவைத் திறந்து பார்த்தேன். நான் தப்பாக எண்ணிய ஒமேகாக்கள் ஒன்றுகூடக் குறையாமல் பத்திரமாக இருந்தன. அவள் முதலிலேயே சரியாக எண்ணியவை இனி எங்கேயும் இல்லை.