மூன்று நூல் போல்ட்

11-3-2025 — ரூ. 72
20-3-2025 — ரூ. 960
12-4-2025 — ரூ. 1,800
17-4-2025 — ரூ. 500

ஒரே வண்டியின் நான்கு போல்ட்டுகளுக்காகக் கொளஞ்சிநாதன் கொடுத்த தொகைகள் இவை. வண்டி 1972ஆம் வருடத்துப் புல்லட். அவருக்கு வயது அறுபத்திரண்டு. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிறவர்களுக்குப் பிளாஸ்டர் அச்சு செய்து கொடுப்பது தொழில். நான் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அவருடைய அச்சுகளை வரவு வைத்ததில் தொடங்கிய பழக்கம், நான் ஓய்வு பெற்ற பிறகும் விட்டுப்போகவில்லை.

அவர் வீடு ஸ்ரீமுஷ்ணம் சாலையில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அச்சுகளை வைக்கோல் சுற்றிப் புல்லட்டின் இரண்டு பக்கமும் மாட்டிய மரப்பெட்டிகளில் அடுக்கிப் பேட்டைக்குக் கொண்டுவருவார். வேறு வண்டி அவருக்கு ஓட்ட வராது. பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போது வரும் வண்டிகளில் எல்லாம் நேர் எதிர். மகன் மதிவாணன் சென்னையிலிருந்து ஒரு புது வண்டி வாங்கி அனுப்பினான். முதல் நாளே பாலக்கரையில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, கரும்புச்சாறு வண்டிமேல் போய் மோதி நின்றார். யாருக்கும் அடியில்லை. புது வண்டி திரும்பிப் போய்விட்டது.

மார்ச் மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புல்லட்டின் என்ஜின் ஆட ஆரம்பித்தது. என்ஜினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று முறிந்திருந்தது. மற்ற மூன்றிலும் நட்டு திருகும் மரை தேய்ந்து போயிருந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் அதுதான். ஆய்வாளர் முன்னால் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆய்வு நாள் ஏப்ரல் 29. போனில் மதிவாணனும் அவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டி தேறினால் அவர் ஒரு பேச்சும் இல்லாமல் வேலையைத் தொடரலாம். தேறாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, அச்சு வேலையையும் நிறுத்திவிட்டு, மனைவியோடு சென்னைக்குப் போய் மகன் வீட்டில் இருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

முதலில் ஜங்ஷன் ரோட்டு ஹார்டுவேர் கடை. அங்கே இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இந்த வண்டியோ இஞ்ச் கணக்கு. போல்ட்டின் தடிமன் மூன்று நூல். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பத்து மில்லிமீட்டர் போல்ட் துளைக்குள் நுழையவில்லை. எட்டு மில்லிமீட்டர் போட்டால் உள்ளே கடகடவென்று ஆடியது. எழுபத்திரண்டு ரூபாய் அதோடு போயிற்று.

அடுத்து பாண்டிச்சேரியில் பழைய புல்லட் சாமான் விற்கும் கடையிலிருந்து எவர்சில்வர் போல்ட்டுகள் வரவழைத்தார். தடிமனும் மரையும் கச்சிதம், பளபளப்பும் அப்படி. அவர் மனைவி மாரியம்மாள் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்து, சமையல்கட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றார். மாட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்பு வரை போய்த் திரும்பினோம். பின் சீட்டில் நான். திரும்பி வருவதற்குள் என்ஜின் மறுபடி ஆடியது. கழற்றி வெர்னியர் வைத்து அளந்தோம். நான்கில் இரண்டு இழுபட்டு நீண்டு, நடுவில் இளைத்திருந்தன. துருப்பிடிக்காத போல்ட்டாக இருந்தால் போதாது, அந்த அதிர்வைத் தாங்கும் உறுதி வேண்டும் என்று அன்று தெரிந்தது.

மாரியம்மாள் அன்றைக்குத்தான் சொன்னார்: “புள்ள வாங்கிக் குடுத்த வண்டிய கரும்புச்சாறுல முக்கி எடுத்தீங்க. இந்தக் கெழட்டு வண்டிக்கு இன்னும் எத்தன மாத்திர வாங்குவீங்க? உங்க பேரு வச்சிருக்கிற சாமிகிட்டயே உங்க மேல பிராது கட்டப் போறேன்.”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். குறை தீர்ந்ததும் மறுபடி போய் வாபஸ் வாங்க வேண்டும். கொளஞ்சிநாதன் பழைய போல்ட்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

லேத் வைத்திருக்கும் ஆனந்தராஜிடம் போனோம். லாரி ஆக்சில் இரும்பில் கடைந்தால் இந்த அதிர்வுக்கு நிற்கும் என்றான். அளவு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டான். கொளஞ்சிநாதன் பழைய போல்ட்டை அளந்து, தலை, தடிமன், நீளம் எல்லாம் ஒரு தாளில் படம் போட்டு எழுதிக் கொடுத்தார். அவர் எழுதும் அளவைச் சரிபார்க்க வேண்டும் என்று பேட்டையில் யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 12 அன்று காசு கொடுத்து போல்ட்டுகளை வாங்கி வந்தார். அடுத்த புதன்கிழமை மெக்கானிக் அர்ச்சுனனின் பட்டறையில் மாட்டிப் பார்த்தோம். ஒன்றுகூட துளைக்குள் போகவில்லை.

அர்ச்சுனனையும் கூட்டிக்கொண்டு நேரே லேத்துக்குப் போனோம். கடைசல் தப்பு என்றுதான் மூன்று பேரும் நினைத்திருந்தோம். ஆனந்தராஜ் தாளை எடுத்து போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினான். எழுதியது எழுதியபடியே இருந்தது. கொளஞ்சிநாதன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். களிமண் காயும்போதும் சூளையிலும் சுருங்கும். அதனால் பொம்மைக்கு அச்சு எடுக்கும்போது இஞ்சுக்கு ஒரு நூல் கூட்டித்தான் செய்வார்கள். நாற்பது வருடமாகக் கூட்டிப் பழகிய கை, இரும்புக்கும் கூட்டிவிட்டது. நீளத்தில், தடிமனில், தலையில் எல்லாவற்றிலும் இஞ்சுக்கு ஒரு நூல். இஞ்சுக்கு எத்தனை மரை என்ற கணக்கு மட்டும் எண்ணி எழுதியது, அதனால் அது சரியாக இருந்தது.

ஆனந்தராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என் மேல தப்பு இல்ல மேஸ்திரி. சூளையில வச்சு எடுங்க, சரியாயிடும்” என்றான்.

அர்ச்சுனன் வேறு வழி சொன்னான். “ஆய்வுக்கு நாள் இல்லண்ணே. ஓட்டையப் பெருசு பண்ணிடலாம். அரை மணி நேர வேல. இன்ஸ்பெக்டரு இன்னா டேப்பு வச்சா அளக்கப் போறாரு?”

அது நடக்கக்கூடிய காரியம்தான். துளையைப் பெரிதாக்கினால் போல்ட் நுழையும், வண்டி ஆய்விலும் தேறிவிடும். மறுநாள் பெரிய வியாழன். அதற்கப்புறம் ஈஸ்டர் முடியும் வரை ஆனந்தராஜின் லேத் மூடியிருக்கும். கொளஞ்சிநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு போல்ட்டை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார். டீ வந்தது, ஆறிப்போனது.

பிறகு அர்ச்சுனனைப் பார்த்துச் சொன்னார்: “தப்பு பண்ணது நானு. அதுக்கு ஏன்டா ஓட்டைய வெட்டணும்? அரைச்சு எடுத்த எடத்துல திரும்ப இரும்பு வளருமா?”

ஆனந்தராஜ் பக்கம் திரும்பினார். “பெருசா இருக்கறதச் சின்னதாக்கலாம்பா. சின்னதா இருந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. சூளையில வைக்கச் சொன்ன இல்ல? உன் லேத்துதான் எனக்குச் சூள. வச்சு எடு.”

ஆனந்தராஜ் சிரிப்பை நிறுத்திவிட்டு வெர்னியரை எடுத்தான். மரையின் அடிவரை அளந்தான். அங்கேயும் மூன்று நூலுக்கு மேல் இரும்பு இருந்தது. அதாவது பழைய மரையை முழுதும் சீவித் தள்ளிவிட்டுப் புதிதாக மரை வெட்டலாம். புதிதாக ஆக்சில் தேட வேண்டியதில்லை, கடைசல் கூலி மட்டும்தான். மறுநாள் சாயங்காலம் அவன் சர்ச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டான். இந்த முறை அளவை எழுதியது நான். தாளின் அடியில் கொளஞ்சிநாதன் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘கூட்டக் கூடாது.’

வியாழன் மாலை நான்கு போல்ட்டுகளும் வந்தன. எண்ணெய் தடவிக் கையாலேயே தள்ளினார். நின்று நிதானமாக உள்ளே போயின. முறுக்கிவிட்டு ஸ்ரீமுஷ்ணம் வரை போய் வந்தார். பெட்டிகளில் அச்சு ஏற்றிக்கொண்டு மறுபடி ஒரு முறை. திரும்பி வந்ததும் ஸ்பானர் போட்டுப் பார்த்தார். நட்டுகள் நகரவில்லை.

ஏப்ரல் 29 அன்று ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் தாளோடு ஒப்பிட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, என்ஜினைப் பிடித்திருக்கும் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். வலது காலால் கியர் போடுவதைப் பார்த்து, இந்த வண்டியைத் தன்னால் ஓட்ட முடியாது என்றார். கொளஞ்சிநாதன், தன்னால் வேறெதையும் ஓட்ட முடியாது என்றார். பதிவுச் சான்று தபாலில் வீட்டுக்கு வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி மதிவாணன் போன் செய்து, தேறிவிட்டதா என்று கேட்டான். சான்று கைக்கு வரட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று கொளஞ்சிநாதன் போனை வைத்துவிட்டார். தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவர் வேலையில் இருப்பார், மாரியம்மாள்தான் வாசலில் காத்திருப்பார். கடைசியில் கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவர்தான். பிரித்து நான் படித்துக் காட்டினேன். இன்னும் ஐந்து வருடத்துக்கு வண்டி ஓடலாம்.

பிராது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“நா எங்கங்க கட்டுனேன்? கட்டியிருந்தா இப்ப வாபஸ் வாங்க இந்த வண்டியிலதான் போவணும்” என்றார் மாரியம்மாள்.

கொளஞ்சிநாதன் மகனுக்குப் போன் போட்டார். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: “நான் இங்கயே இருக்கேம்பா.”

பதிவுச் சான்று வந்த தேதி: 13-5-2025.