மலைப் பக்கம் சாயும் பாரம்

கைகள் மாவு பிசைந்துகொண்டிருந்தன. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தின. உப்பு போடவில்லை. தேங்காய்ப் பூவும் போடவில்லை. பதம் வந்ததும் எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, ஜீப்பின் இடது முன் சக்கரத்துக்கு மேலே, சேறு தடுக்கும் மட்காட்டின் உட்புறத்தில் அப்பின. உச்சியில் ஒன்று, முன்னால் ஒன்று, பின் விளிம்பில் இரண்டு. எந்தச் சோப்புக்கும் போகாத டயர்க் கறுப்பு, நகங்களின் ஓரத்திலிருந்து மாவில் கோடு கோடாக இறங்கியிருந்தது. தின்பதற்கான மாவு இல்லை என்பதால் அது ஒரு குறையாகப் படவில்லை.

சக்கரம் மேலெழுந்து மட்காட்டை நெருங்கும்போது நடுவில் அகப்படும் மாவு நசுங்கும். பிறகு அதை எடுத்து, எவ்வளவு தடிப்பு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். அழகுமுத்துவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லொறிக் கொட்டிலில் கொழுந்து லொறிகளுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் ரொட்டி சுட எடுத்து வைத்த மாவு சக்கரத்தடியில் விழுந்து நசுங்கியதைப் பார்த்துத் தானாகக் கண்டுகொண்டது. இப்போது பொகவந்தலாவை பஸார் முடிகிற இடத்தில், ஓடைக்கு மேலே அவருடைய டயர் கடை இருக்கிறது. முன்னால் வேலை, பின்னால் ஒற்றை அறை.

ஜீப் துஷாந்துடையது. சின்ன ஜீப்தான், ஆனால் தோட்டத்தில் மலைமேல் உள்ள மேல் டிவிசன் குடியிருப்புக்கு ஏறுகிற வாகனம் அது ஒன்றே. பின்னால் எதிரெதிராக இரண்டு பலகைகள் போட்டு ஆட்களை ஏற்றுவான். மார்கழி மழை அந்தப் பாதையின் மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போனதில், நடுவே கல் முதுகாக எழுந்து நின்றது. ஜீப்பின் வயிறு அதில் இடித்தது. இரண்டு முறை கியர்ப்பெட்டி உரசிய பிறகு துஷாந்த் ஓட்டுவதை நிறுத்திவிட்டான். மேலே இருப்பவர்கள் நடந்து இறங்கினார்கள், நடந்து ஏறினார்கள். நடக்க முடியாதவள் வீரம்மா. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் காலில் ஆறாத புண். புதன்கிழமைதோறும் டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும். போன புதன் வாகனம் இல்லாமல் அவள் போகவில்லை. வருகிற புதனும் தவறக்கூடாது என்று கிளினிக் தாதி தொலைபேசியில் கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

துஷாந்த் தொலைபேசியில் படம் பார்த்து ஆசைப்பட்டு, நுவரெலியாவில் ஒருவரிடமிருந்து ரிம்மோடு நான்கு பெரிய சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கினான். அகலமான டயர். ரிம் வெளிப்பக்கம் தள்ளி நிற்கும் மாதிரி.

"இதப் பூட்டிட்டா கல்லு மேலயே ஏறிப் போயிரலாம்ணே" என்றான்.

டயர் இரண்டு அங்குலம் உயர்ந்தால் வயிறு ஓர் அங்குலம்தான் உயரும், மீதி மட்காட்டுக்குள் போகும் என்று அழகுமுத்து சொன்னார். அகல டயர் சேற்றின் மேல் வழுக்கும், ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கிற கல்லைப் பிடிக்கும் என்பதையும் சொன்னார். அவர் எப்போதும் பயந்த ஆள் என்று துஷாந்த் சிரித்தான். அளந்து பார்க்காமல் ஒன்றை வேண்டாம் என்று சொல்வது அழகுமுத்துவுக்குப் பிடிக்காது. சக்கரங்களைப் பூட்டினார்.

இரண்டு பலகைகளிலும் சமமாக மண் மூட்டைகளை அடுக்கினார். முன் சக்கரத்தை ஒரு மரக்கட்டையின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தார். மாவு நசுங்கியது, ஆனால் சுண்டுவிரல் தடிப்பு மிஞ்சியது. கிழித்துவிடாமல் உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போதும் என்றுதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகும்படி துஷாந்துக்குச் சொல்லி அனுப்பினார். அதன் பிறகும் புது மாவு அப்பி இன்னொரு தடவை பார்த்தார். அதற்குத் தேவை இருக்கவில்லை. வேலை முடிந்தால் கடை அமைதியாகிவிடும், அவ்வளவுதான்.

மனைவி நாச்சம்மை குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். முதலில் இரண்டு வருடம் என்று போனவள். ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் நீண்டது. வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள். சாப்பிட்டாச்சா என்று கேட்பாள், சாப்பிட்டாச்சு என்பார். அங்கே வெயிலா என்று அவர் கேட்பார், வெயில்தான் என்பாள். அதற்கப்பால் இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸாருக்கு வந்த மேல் டிவிசன் ஆட்கள், ஜீப் தயார் என்று கேள்விப்பட்டுப் பைகளோடு கடை முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மட்காட்டில் மாவு இன்னும் ஒட்டியிருந்தது. கொழுந்து எடுக்கும் நாகலெட்சுமி குனிந்து பார்த்தாள்.

"என்னாங்கண்ணே இது, ஜீப்புக்கும் ரொட்டி சுட்டுக் குடுக்கிறீங்களா?"

"அதாச்சும் குத்தம் சொல்லாம திங்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பொங்கலுக்கு அக்கா வருகிறாளா என்று நாகலெட்சுமி கேட்டாள். லீவு கிடைக்கவில்லையாம் என்றார். சிரிப்பு அடங்கியது. அவர்கள் ஏறிப் பலகைகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆனால் உட்கார்ந்ததும் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. மீன் விலை, யாரோ ஒருத்தியின் மருமகன், கோயில் கொடியேற்றம். மாவை எடுக்க முன் சக்கரத்தருகே குந்திய அழகுமுத்து, அந்தப் பேச்சு தலைக்கு மேலே ஓடுவதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அதற்குள் துஷாந்த் ஸ்டார்ட் செய்துவிட, எழுந்து விலகினார்.

முற்றத்திலிருந்து பாதைக்கு ஏற இடப்பக்கம் முழுக்க ஒடிக்க வேண்டும். வலப்பக்கம் ஓடைப் பள்ளம். ஜீப் திரும்பியது. உள்ளே இருந்த அத்தனை பேரும், பேச்சை நிறுத்தாமலே, இடப்பக்கம் சாய்ந்தார்கள். வலப் பலகையில் இருந்தவர்கள்கூட எழும்பி எதிர்ப் பலகைக்காரர்களின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

அழகுமுத்து கையைத் தூக்கினார். ஜீப் நின்றது. பின் விளிம்பில் இருந்த மாவு காகிதம்போல் ஆகியிருந்தது. அதில் டயரின் பூவேலை அப்படியே பதிந்து, நடுவில் மாவு விலகித் தகரம் தெரிந்தது.

எல்லோரும் ஏன் ஒரே பக்கம் சாய்ந்தீர்கள் என்று கேட்டார். அவருடைய கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை. பள்ளம் இந்தப் பக்கம் என்றால் மலைப் பக்கம்தானே சாய வேண்டும் என்றார்கள். மேலே ஒவ்வொரு வளைவிலும் அப்படித்தான். யாரும் சொல்வதில்லை, உடம்பு தானாகப் போகும். அழகுமுத்துவும் மேல் டிவிசனில் பிறந்தவர்தான். ஆனால் அவர் அங்கே இருந்த காலத்தில் எல்லோரும் நடந்தார்கள். ஜீப்பில் அந்தப் பாதையில் அவர் போனதே இல்லை.

மண் மூட்டை ஏற்றிப் பார்த்தபோது தட்டவில்லையே என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல்.

"மண்ணு மூட்டைக்கு என்னாங்க பயம்?" என்றாள் நாகலெட்சுமி. "அதுக்கு வீட்டுல புள்ளைகுட்டியா காத்துக்கிட்டு இருக்கு?"

மட்காட்டை வெட்டிவிட்டால் போச்சு என்றான் துஷாந்த். தகரத்தை வெட்டலாம், வெளியே தள்ளி நிற்கிற சக்கரச் சில்லு அப்படியேதான் நிற்கும், கடும் வளைவில் டயர் மாட்டிக்கொண்டால் ஸ்டியரிங் திரும்பாது என்றார் அழகுமுத்து. சாயாமல் வாங்க என்று துஷாந்த் பின்னால் திரும்பிச் சொன்னான்.

"வீரம்மா அக்கா புதன்கெழமையத்தான் நெனைச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றாள் நாகலெட்சுமி.

"புதன்கெழமைக்கு ஜீப்பு ஏறும்" என்றார் அழகுமுத்து. "இந்தச் சில்லுல இல்ல."

துஷாந்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆட்கள் இறங்கினார்கள். அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து, வந்தபடியே நடந்து போனார்கள். ஒருவர் மட்டும், வேலை தெரிந்தவரிடம் கொடுத்திருக்கலாம் என்று காதில் விழும்படி சொல்லிப் போனார். வளைவு வரைக்கும் அவர்கள் குரல் கேட்டது. பிறகு ஓடைச் சத்தம் மட்டும்.

அட்டனில் பழைய டயர் வியாபாரம் செய்யும் நஸீருக்கு அன்றே பேசினார். உயரம் வேண்டும், அகலம் வேண்டாம், ஜீப்பின் சொந்த ரிம்மிலேயே ஏற வேண்டும் என்றார். எல்லாரும் அகலம் கேட்கிறார்கள், நீங்க ஒருத்தர்தான் அண்ணே ஒல்லியாகக் கேட்கிறது என்று நஸீர் சிரித்தாலும், தேடி எடுத்து மறுநாள் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நஸீர் அனுப்பிய டயர், பெரியதைவிட அரை அங்குலம் குட்டை. பழையதைவிட ஒன்றரை அங்குலம் நெட்டை. வயிறு முக்கால் அங்குலம் உயரும். அது போதாது என்று தெரிந்து, ஸ்பிரிங் பட்டைகளுக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டைகள் வைத்து இன்னும் கொஞ்சம் தூக்கினார். பழைய ரிம்களின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, காற்று கசியாதபடி விளிம்புகளைத் துடைத்து, டயர்களைப் பூட்டினார்.

இனி அளக்க வேண்டும். கடையில் ஆள் இல்லை. பஸாரில் போய் ஆறேழு பேரைக் கூப்பிடலாம்தான். வாசல்வரை போய் நின்று பார்த்தார். கூப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. திரும்பி வந்து மாவு பிசைந்தார். சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்துக் கயிற்றால் கட்டினார். மூட்டைகளையெல்லாம் இடப் பலகைக்கே கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பியோரம் சாய்த்து வைத்தார். நடுவில் ஓர் ஆள் இடம் மிஞ்சியது. ஏறி அதில் உட்கார்ந்தார். மேல் டிவிசன் பாதையில், வலப்பக்கம் பள்ளம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூட்டைகளோடு மூட்டையாக மலைப் பக்கம் சாய்ந்தார். ஜீப் ஒருமுறை அசைந்து கொடுத்தது. இறங்கிப் பார்க்கத்தான் ஏறினார். ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மழை தூறியது.

பிறகு இறங்கி மாவை உரித்தார். பெருவிரல் தடிப்பு இருந்தது. டயர் பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை.

புதன்கிழமை விடிந்ததும் துஷாந்த் நடந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோபம் முகத்தில் பாதி மிச்சம் இருந்தது. ஒல்லி டயர்களைச் சுற்றி வந்து பார்த்தான். குனிந்து வயிற்றின் கீழே கை விட்டுப் பார்த்தான். வேக முள் இனிக் குறைத்துக் காட்டும், அதை நம்பி இறக்கத்தில் விடக்கூடாது என்றார் அழகுமுத்து. பிரேக் சற்று முன்னாலேயே பிடிக்க வேண்டும். முதல் நாள் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்றும் சொன்னார். வீரம்மா அக்காவை முன் சீட்டில் உட்காரவைக்கச் சொன்னார்.

துஷாந்த் பின்னால் எட்டிப் பார்த்தான். இடப் பலகை முழுக்க மண் சிந்தியிருந்தது. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் மண் இல்லை.

"தனியாவாண்ணே ஏறி ஒக்காந்து பாத்தீங்க?"

"மூட்டைங்க இருந்துச்சே."

துஷாந்த் பலகையின் மண்ணைக் கையால் தட்டிவிட்டான். பிறகு, நீங்களும் மேலே ஒரு நடை வந்துவிட்டுப் போகலாம், இடம் இருக்கிறது என்றான். கடையை யார் பார்ப்பது என்றார் அழகுமுத்து. பாதையில் அந்த நேரம் யாரும் இல்லை. சாவியில் ஒட்டியிருந்த மாவை இடுப்புச் சாரத்தில் துடைத்து அவன் கையில் வைத்தார்.