கூரையை உயர்த்திய ஜிபார்குல்

எங்கள் தலைநகர் பிஷ்கெக்கின் தெற்குப் பக்கம், வரிசையாக நிற்கும் நாலு மாடிப் பழங்கட்டடங்களில் ஒன்றில், இரண்டாம் மாடியில் ஜிபார்குல் குடியிருந்தாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை அவளுடையது. அந்த வேலையில் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வாய் வீங்கி வருகிறவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள். வீட்டிலும் அதே சௌகரியம்தான். புருஷன் ஷாமிர் ரொட்டி வண்டி ஓட்டினான். நாரின் மலைப்பக்கத்துக் குடும்பம். ஆண்கள் எல்லோரும் பாப்லர் மரம் மாதிரி வளர்ந்திருப்பார்கள். ஷாமிரும் நெடுநெடுவென்று வளர்ந்தவன்தான். வாய் மட்டும் குள்ளம்.

பாத்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்வரை அந்த வீட்டில் ஒரு குறையும் இருந்ததில்லை. பாத்மா அவளுக்கு ஓரகத்தி, ஷாமிரின் அண்ணன் கல்மூரத்தின் மனைவி. நகரத்தின் நடுவே, பழைய காலத்து மஞ்சள் கட்டடத்தில் அவர்கள் வீடு. ஆள்மேல் ஆள் ஏறி நின்றால்தான் கூரையைத் தொட முடியும். நோன்புப் பெருநாளன்று வந்தவள், கோட்டைக் கழற்றக் கையைத் தூக்கி, மேலே பார்த்து, அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஜிபாரு, வெளியவே நின்னு கழட்டிட்டு வரட்டுமாடி? கை இடிச்சிடும் போலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜிபார்குலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓரகத்திக்கு விளிம்புவரை தேநீர் ஊற்றினாள். எங்கள் ஊரில் கோப்பையை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். பாத்மாவுக்கு அது புரியாமல் இல்லை. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

அன்றிலிருந்து ஜிபார்குலுக்குக் கழுத்து வலி வந்தது. எந்நேரமும் அண்ணாந்து பார்த்தால் வராமல் என்ன செய்யும்? பக்ரீதுக்கு மறுபடி அண்ணன் குடும்பம் வரும். அதற்குள் கூரையை உயர்த்தியாக வேண்டும். கான்கிரீட் பலகையை உயர்த்த முடியாது. மேலே மாக்ஸிம் தாத்தா குடியிருக்கிறார். ஆனால் உயர்ந்த மாதிரி காட்டலாம் என்று போன் வீடியோவில் ஒருத்தி சிரித்த முகமாகச் சொல்லித்தந்தாள். அவள் பின்னால் தெரிந்த வீட்டில் கூரையே கண்ணுக்கு எட்டவில்லை. அதைப் பற்றி ஜிபார்குல் யோசிக்கவில்லை.

முதலில் சுவர்களுக்கு மேலிருந்து கீழாகக் கோடு போட்ட தாள் ஒட்டினாள்.

"ஏங்க, எப்படி இருக்கு?"

"கோடு கோடா இருக்கு," என்றான் ஷாமிர்.

"உயரமாத் தெரியலையா?"

"ஜெயில் மாதிரி தெரியுது."

"ஜெயில்ல சீலிங் உயரமாத்தான் இருக்கும்," என்றாள் அவள், திருப்தியாக.

அடுத்தது திரைச்சீலை. ஜன்னலுக்கு மேலே தொங்கியது போய், கூரையின் முனையிலிருந்து தரைவரை தொங்கியது. ஜன்னல் என்னவோ பழைய சின்ன ஜன்னல்தான். ராஜாவின் அங்கிக்குள் சவலைப் பிள்ளையைச் சுற்றி வைத்த மாதிரி இருந்தது. பிறகு சரவிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டு மாதிரி விளக்கு ஒன்றைப் பதித்தாள். கதவின் நிறத்தையே கதவுக்கு மேலேயும் கூரைவரை பூசினாள். அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கதவா என்று நிமிர்ந்தபடி நுழைந்த நெட்டைத் தபால்காரிக்கு நெற்றி புடைத்தது.

அப்புறம் நாற்காலி மேசை சோபாவின் முறை வந்தது. சாமான் தாழ்ந்தால் கூரை உயரும் என்பது போன்காரியின் வாக்கு. கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்த புதிதில், மாமியார் கொடுத்தனுப்பிய கம்பளிப் பாய்களையும் மெத்தைகளையும் நாட்டுப்புறம் என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டு ஆசையாசையாக வாங்கிய சோபா அது. ஷாமிரை விட்டே அதன் கால்களை அறுக்க வைத்தாள். மேசைக்கும் அதே கதி.

"இப்ப தரையில இருந்து ஒரு சாண் இருக்கு," என்றான் ஷாமிர், மரத்தூளைத் துடைத்தபடி. "அம்மா குடுத்த பாயே இருந்திருக்கலாமே."

"பாய் வேற, இது வேற. இது ஸ்டைலு."

ஷாமிர் உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் இரண்டும் காதை ஒட்டி வந்து நின்றன. வெட்டுக்கிளி மாதிரி இருந்தான். ஸ்டைலாக இல்லை.

இவ்வளவு செய்தும் ஜிபார்குலுக்கு மனம் ஆறவில்லை. கடைசியில் ரினாத்தைக் கூப்பிட்டாள். ரினாத் வீடு வீடாகப் போய்க் கூரைக்குக் கீழே பளபளப்பான பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுகிறவன். வாய்ச் சொல்லாலேயே வீடு கட்டிவிடுவான்.

"அக்கா, கண்ணாடி மாதிரி மின்னும். ரூமு அப்படியே மேல தலைகீழாத் தெரியும். ஒரு வீட்டுக்கு ரெண்டு வீடு! இஸிக்-குல் ஏரியைத் தூக்கித் தலைமேல மாட்டின மாதிரி இருக்கும்."

"கட்டறதுக்கு எவ்வளவு எடம் வேணும்?" என்று ஷாமிர் கேட்டான்.

"சும்மா நாலு விரக்கடை கீழ இறங்கும் அண்ணே."

"அப்ப இன்னும் தாழ்வாத்தானே ஆவும்?"

ரினாத் ஜிபார்குலைப் பார்த்தான். ஜிபார்குல் ரினாத்தைப் பார்த்தாள். பாமரனைப் பற்றி இரண்டு படித்தவர்கள் பரிமாறிக்கொள்கிற பார்வை அது. மறுநாளே தாள் ஏறிவிட்டது. கூரை இறங்கிவிட்டது.

மின்னியது என்னவோ உண்மை. ஜிபார்குல் மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலே இன்னொரு ஜிபார்குல் அவளைக் குனிந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம். அப்போது ஷாமிர் வேலை முடிந்து உள்ளே வந்து, சோம்பல் முறித்தான். விரல்கள் ஏரியைத் தொட்டன.

ஜிபார்குலின் முகம் சுருங்கியது. இத்தனை நாள் தேடிய குற்றவாளி கண்முன்னால் நின்றான்.

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள்.

அவன் உட்கார்ந்தான். அறை உயர்ந்தது.

"எந்திரிங்க."

எழுந்தான். அறை பொத்தென்று இறங்கியது.

"கோளாறு சீலிங்ல இல்லங்க. உங்ககிட்டதான் இருக்கு. பக்ரீதுக்கு அவங்க வரும்போது நீங்க எந்திரிக்காதீங்க."

"அண்ணன் வரும்போது உக்காந்துக்கிட்டு இருக்கவா? என்னடி பேசற?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லுங்க."

ஷாமிர் மேற்கொண்டு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

பக்ரீதன்று கல்மூரத் வெள்ளைக் கம்பளியில் உயரமான கல்பாக் தொப்பி போட்டுக்கொண்டு, பாத்மாவோடு வந்து சேர்ந்தார். அவரும் பாப்லர் மரம்தான், கொஞ்சம் முற்றிய மரம். வாசலில் தம்பியைக் காணோம். உள்ளே வந்தால், தம்பி தன் தொப்பியோடு சோபாவில் பதிந்து உட்கார்ந்திருந்தான்.

"இடுப்பு புடிச்சுக்கிச்சுண்ணே," என்றான், தரையைப் பார்த்தபடி.

எங்கள் ஆட்களுக்கு அண்ணன் வரும்போது எழாத தம்பி செத்தவனுக்குச் சமானம். கல்மூரத் மேசையின் தலைமாட்டில், பெரியவருக்கான இடத்தில் உட்காரப் போனார். மேசை இருந்த தாழ்வில், விழுந்தார் என்பதுதான் சரி. ஜிபார்குல் பெரியவருக்குரிய ஆட்டுத்தலையைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். ஷாமிர் கையில் கத்தியை எடுத்து, பெஷ்பர்மாக்குக்காக, வெந்த மாவுப்பட்டைமேல் தூவ இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கத் தொடங்கினான். அண்ணன் ஆட்டுத்தலையோடு மட்டும் பேசுகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு முறை ஷாமிரின் உடம்பு தானாக எழப் பார்த்தது.

பாத்மா மட்டும் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். அழகில் சொக்கிப்போய்விட்டாள் என்று ஜிபார்குல் நினைத்தாள்.

"என்னக்கா, சீலிங்கையே பாக்கறீங்க? உயரமாத் தெரியுதா?"

"ரொம்ப நல்லாத் தெரியுது," என்றாள் பாத்மா. "என் முதுகுக்குப் பின்னால நின்னு நீ கொழுந்தனாருக்குக் கை காட்டறது அதுல தெரியுது. அவர் எந்திரிக்கப் பாக்கறதும், நீ உக்காரு உக்காருன்னு பல்லக் கடிக்கறதும் தெரியுது. இடுப்புக்கு ஒண்ணும் இல்லைங்க," என்று புருஷன் பக்கம் திரும்பினாள், "உங்க தம்பி நின்னா சீலிங்கு குட்டையாத் தெரியுமாம்."

கல்மூரத் ஆட்டுத்தலையை நகர்த்தி வைத்தார்.

"எழுந்திருடா," என்றார்.

ஒரு வார்த்தைதான். ஷாமிர் சட்டென்று எழுந்தான். தொப்பி கூரையில் இடித்து நசுங்கிவிடுமே என்று பழக்கத்தில் கையைத் தலைக்குக் கொண்டுபோனான். கையில் கத்தி இருந்ததை மறந்துபோனான்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். இழுத்துக் கட்டிய தாள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பிளந்து, இரண்டு பக்கமும் நாக்கு மாதிரி தொங்கியது. பழைய சுண்ணாம்புத் தூள் மெல்ல உதிர்ந்து பெஷ்பர்மாக்கின் மேல் படிந்தது. பிறகு நாலு பேரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள்.

பிளவுக்கு அப்பால், மாக்ஸிம் தாத்தாவின் குழாய் ஒழுகிய மஞ்சள் கறையோடு, அந்தப் பழைய கூரை தெரிந்தது. நாலு விரற்கடைதான். ஆனால் தொங்கும் தாளுக்கு நடுவே பார்க்கும்போது எட்டாத தூரத்தில் இருப்பது போல இருந்தது.

"அடி ஆத்தீ!" என்றாள் பாத்மா. அவள் குரலில் கேலி இல்லை, அதுதான் வேடிக்கை. "மேல இன்னொண்ணு இருக்கா? இது உயரமால்ல இருக்கு! இதை ஏன்டி மூடி வச்சே?"

ஷாமிர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் போய் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டான். "மன்னிச்சுக்கண்ணே." கல்மூரத் அவன் தோளைத் தட்டினார். சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல், தொப்பி ஆட ஆடச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சுண்ணாம்பு படாத பக்கமாகப் பார்த்து எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனதும் ஷாமிர் சாமான்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, மீதித் தாளையும் பிய்த்து எடுத்தான். கேட்டுக்கொண்டு செய்யவில்லை. ஜிபார்குல் சோபாவின் ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்க வீட்டு சீலிங்க நாலு விரக்கடை ஏத்திட்டோம் தெரியுமா? எங்க ஓரகத்தியே அசந்துபோயிட்டா. எப்படி ஏத்தினோம்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாருக்கும் கைவராது."

கிழவர் கேட்கவில்லை. அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.