என்னைத் தொட்டால் நைனாவும் வருவார்

தொலைக்காட்சியில் என் முகம் வந்தபோது அது யாரென்று எனக்கே பிடிபடவில்லை. திருவொற்றியூரில் மாமியார் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கல்யாண வீடியோ பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். மாதா கோயில் வாசலிலிருந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்து வருகிறேன். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. நிழலில் இருந்த கழுத்து மட்டும் பழையபடி கறுப்பு. பக்கத்து மர பெஞ்சுகள்கூட வெளிறிப் போயிருந்தன. துறைமுகத்தில் டிரைலர் லாரி ஓட்டி வெயிலில் காய்ந்த நைனாவின் முகமும் என் முகத்தைப் போலவே ஆகியிருந்தது. "சம்மந்தி பவுடர் டப்பாவ கவுத்துகினு வந்துகீறாரு" என்று ஒரு பெரியம்மா சொல்ல, வீடே சிரித்தது. எல்லோருக்கும் முந்திச் சிரித்தவர் அங்கே உட்கார்ந்திருந்த நைனாதான். எனக்கு எழுந்து உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது.

மறுநாள் ஸ்டுடியோக்காரரோடு சண்டை போடக் கிளம்பினேன். தானே போய்ப் பேசிக்கொள்வதாக நைனா எவ்வளவோ தடுத்தார். கேட்காமல் அவரையும் கல்மண்டபத்தில் இருந்த ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வீடியோவுக்கு நிறம் சரிசெய்கிறவர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, நைனா பக்கம் திரும்பி, பெண்ணை வெளுப்பாக்கச் சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டார். நைனா தரையைப் பார்த்தார். என் கணவரோ மாமியாரோ ஒருநாளும் என் நிறத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் இந்தச் சம்பந்தத்துக்கு முன் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஃபோனில் சொன்னதையெல்லாம் கேட்டவர் நைனா மட்டும்தான். எங்களிடம் வந்து, அவர்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டதாம் என்பார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னார் என்பது அந்த ஸ்டுடியோவில்தான் எனக்கு உறைத்தது.

இந்த முறை சுத்தமாகச் செய்து தருகிறேன் என்று நிறம் சரிசெய்கிறவர் கணினித் திரையில் என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். தோலின் நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கிற வழி அது. எடுத்த நிறம் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் இருண்டுவிடும். பெஞ்சு மறைந்தது, சுவர் மறைந்தது. கடைசியில் இருட்டில் இரண்டு முகங்கள் மட்டும் மிஞ்சின.

"பொண்ண தொட்டா நீங்களும் கூடவே வர்றீங்க சார். ரெண்டு பேரும் ஒரே கலரு."

நைனா திரையில் தன் முகத்தின்மேல் விரலை வைத்தார். "அப்போ என்னிய எடுத்துடுப்பா. நடந்து வர்றத வுட்டுட்டு பீடத்தாண்டேர்ந்து ஆரம்பி. நான் இல்லாங்காட்டி இன்னா, பொண்ணு நல்லா தெரியணும்."

எதையும் வெளுப்பாக்க வேண்டாம், எடுத்தது எடுத்தபடி கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். நைனாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பஸ் நிறுத்தம்வரை என்னை முந்திக்கொண்டே நடந்தார். புது வீடியோ வந்தபோது பார்க்க வரவில்லை. நானும் வற்புறுத்திக் கூப்பிடவில்லை.

போன மாதம் எனக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நைனா குழந்தையை வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரும் எதுவும் கேட்காதபோதே, ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல் என் மாமியாரிடம் சொன்னார்: "போகப் போக வெளுத்துடும் சம்மந்தி."

"யாரு கேட்டா சம்மந்தி?" என்றார் மாமியார்.

நைனா, துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழந்தையின் கையை எடுத்து உள்ளே விட்டு மூடினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.