ஏறியது எத்தனை பேர்

பாலவாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செபஸ்தியான் மாமா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து படகேறி அகதியாக வந்தவர். ஈசிஆர் பங்களாக்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார். காது மடலில் ஒட்டியிருக்கும் நிறத்தை வைத்தே இந்த வாரம் எந்த வீட்டில் வேலை என்று சொல்லிவிடலாம். பிரஷ்ஷை நான் ஒளித்து வைத்தால் திட்டமாட்டார். வேறு பிரஷ் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவர் மகள் ஆஷா அக்கா கோடம்பாக்கத்தில் எடிட்டிங் உதவியாளர். குடும்பம் கடல் தாண்டி வந்த கதையைப் படமாக எடுக்கிறாள். படகில் வந்தவர்களில் அவள் அம்மா உட்பட வேறு யாரும் இப்போது இல்லை. மாமா வாய் திறந்தால்தான் படம். ஆனால் கேமராவைக் கண்டாலே அவருக்கு முகாம் விசாரணை ஞாபகம் வந்துவிடும். முதுகு நிமிரும், கைகள் முட்டி மேல் போகும்.

"பெயர் செபஸ்தியான். ஊர் மன்னார். இறங்கினது நாலு பேர். நான், மனிசி, அம்மா, தம்பி. கையில சாமான் ஒண்டும் இல்லை."

"அப்பா, நான் போலீஸ் இல்லை. உங்கட மகள்."

"ஓம் பிள்ளை. பெயர் செபஸ்தியான்…"

ஒன்பது ஞாயிறும் இதே கதை, ஒரு சொல் மாறாமல். இப்படி மனப்பாடம் எனக்கு வந்திருந்தால் பத்தாவதில் மூன்று பாடம் கோட் அடித்திருக்க மாட்டேன்.

பத்தாவது ஞாயிறு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்க வைக்கலாமே என்று பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதிகாரி மாதிரி உட்கார்ந்து, நிற அட்டையை ஃபைல் போல விரித்தேன்.

"இன்னா பெரியவரே, போட்ல ஏறினது எத்தினி பேரு?"

இறங்கியது எத்தனை என்று கேட்டிருக்க வேண்டும். குழப்பிவிட்டேன்.

"அஞ்சு," என்றார் மாமா.

"ஐயய்ய, அப்போ ஒர்த்தர எங்க வுட்டீங்க?"

அக்கா சிரிக்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"நடுக்கடல்ல குழந்தைக்கு மூச்சு நிண்டுட்டுது. பதினொரு நாள் ஆம்பிளைப் பிள்ளை. எத்தனை பேர் இறங்கினனீங்கள் எண்டுதான் முகாமில கேட்டவை. நாலுதானே இறங்கினது."

மன்னிப்புக் கேட்பதா, அதிகாரியாகவே உட்கார்ந்திருப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. நிற அட்டையில் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மட்டும் பதினாறு வகை.

"எனக்கு அண்ணா இருந்தவரா?" என்றாள் அக்கா.

"ஓம். படம் முடிய பேருகள் ஓடும்தானே பிள்ளை? அதில கூடுதலா ஒண்டு போடலாமோ?"

"போடலாம் அப்பா. என்ன பேர்?"

"வைக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எண்டு இருந்தது. வியாழக்கிழமை படகு வந்திட்டுது. நீ ஒண்டு வையன்."

அவன் போய் எட்டு வருடம் கழித்துப் பிறந்த தங்கை, அண்ணனுக்கு எப்படிப் பேர் வைப்பாள்? அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீயாச்சும் சொல்லுடா விக்கி."

எனக்குத் தோன்றியதெல்லாம் கிரிக்கெட்காரர்களின் பேர். நிற அட்டையை மடித்தேன்.

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறுதலா யோசியுங்கோ," என்றார். "அவசரம் ஒண்டும் இல்லை."